இரண்டு கடலுக்கு நடுவே ஐந்து நாள்

மே 23, 2024, வியாழன் – மண்டபம்

ஈரோட்டு வெயிலில் காய்ந்த எனக்கு, கடலோரம் போனால் கொஞ்சமாவது குளுமை கிடைக்கும் என்று ஆசை இருந்தது. மண்டபத்தில் இறங்கும்போது மணி 11. காற்றே இல்லை. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தென்னை ஓலைகூட அசையவில்லை.

அண்ணன் மகள் கடல் உயிரியல் எம்.எஸ்சி. படிக்கிறாள். மூன்று மாதமாக இங்கே தங்கி, பவளப்பாறைகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது, "அத்தை, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. எல்லாம் வெளுத்துட்டு வருது" என்றாள். குரல் உடைந்துவிட்டது. சின்ன வயதில் நாய்க்குட்டி செத்ததற்கு அழுத அதே குரல். அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் 22 வருடமாகத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆழ்குழாய்க் கிணறு, சாயப்பட்டறை ஓரத்துக் கிணறு, பள்ளிக்கூடத்துத் தொட்டி என்று தினமும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் என் மேசைக்கு வரும். கடல் தண்ணீர் இதுவரை வந்ததில்லை. அதனால் கூடத்தில் இருந்து பழைய கண்ணாடி வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அறை வாடகை 900 ரூபாய். மதியத்துக்குள் இரண்டு முறை கரண்ட் போனது. சாப்பாடு ஒரு வீட்டு மெஸ்ஸில், 110 ரூபாய், நகரை மீன் குழம்பு. ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். பரிமாறிய அம்மா, "தடைக்காலம்ல, சின்ன மீனுதான் கெடச்சுச்சு. ரெண்டா வச்சுக்கங்க" என்று கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தார். காசு அதே 110தான் வாங்கினார்.

சாயங்காலம் வடகடலுக்குப் போனோம். மண்டபம் ஒரு நாக்கு மாதிரியான நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்கே அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. வடகடல், தென்கடல். சிலர் பெண் கடல், ஆண் கடல் என்கிறார்கள். வடகடலில் அலை என்று ஒன்றுமே இல்லை. எண்ணெய் ஊற்றி வைத்த தாம்பாளம் போலக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 32.4. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். ஆனாலும் தண்ணீருக்குள் நிற்கிறோம் என்ற உணர்வே வரவில்லை. ஆறிப்போன வடிகஞ்சிக்குள் கால் வைத்த மாதிரி இருந்தது.

"30 தாண்டினாலே இங்க பவளத்துக்கு ஆபத்து ஆரம்பிச்சுரும் அத்தை" என்றாள்.

மே 24, வெள்ளி – குந்துகால்

இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிகாலை நான்கு மணிக்கு ஜன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டது. காற்று! எழுந்து போய் ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைய திட்டம் குந்துகாலில் இருந்து, அடியில் கண்ணாடி பதித்த படகில் குருசடைத் தீவு வரை போய்ப் பாறைகளைப் பார்ப்பது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வரிசையாக இருக்கும் 21 தீவுகளில் குருசடையும் ஒன்று. அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்கு மேலே தெரிவதில்லை. 1986-இலேயே தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி இது.

ஆட்டோவுக்குப் போக வர 450 ரூபாய். பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லோரும் செய்வது போல நாங்களும் இறங்கிக் கீழே எட்டிப் பார்த்தோம். 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம் ஒரு பக்கம் சும்மா நிற்கிறது. அதை ஒட்டிப் புதுப் பாலத்தின் வேலை நடக்கிறது. எனக்குக் கண் அதில் எல்லாம் போகவில்லை. தூண்களுக்கு இடையே தண்ணீர் ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தெற்கில் இருந்து வடக்கே. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் சுழி. நேற்றுப் பார்த்த அந்தச் செத்த கடலா இது என்று இருந்தது.

"கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற காலத்துல தென்கடல் தண்ணி இப்படி வடக்க ஏறும். வாடைக் காலத்துல அப்படியே திரும்பி, வடகடல் தண்ணி தெற்க இறங்கும்" என்று அவள் சொன்னாள். வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறும் இந்த ஓட்டம்தான் இந்த ஊர்ப் பவளங்களின் தலையெழுத்தில் பாதியை எழுதுகிறது என்பது எனக்கு இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

குந்துகால் போய்ச் சேர்ந்தால், படகு இல்லை. காற்று பலம், விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வங்கக் கடலில் ஏதோ உருவாகிறது என்றும் பேச்சு. நாளைக்கும் சந்தேகம்தான். இதற்காகவே 350 கிலோமீட்டருக்கு மேல் வந்தவள் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே நின்றிருந்த ஒரு பையன் என்ன நினைத்தானோ, ஓடிப்போய்ப் பானையில் இருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தான்.

1897 ஜனவரி 26-இல் விவேகானந்தர் மேல்நாட்டில் இருந்து திரும்பி வந்து கால் வைத்த இடம் இதுதான். நினைவு மண்டபத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு டீக்கடைக்கு வந்தோம். டீ 12 ரூபாய். எங்கள் பேச்சைக் கேட்ட ஒரு பெரியவர், "கோயமுத்தூர்ப் பக்கமா?" என்று கேட்டார். ஈரோடுங்க என்றேன். 50 வருடம் வள்ளத்தில் தொழில் செய்தவர். இப்போது கண் சரியில்லை, வலை மட்டும் பின்னுகிறார். படகு போகவில்லை என்று நான் வருத்தப்பட்டதும் அவர் தலையாட்டினார்.

"வருத்தப்படாத தாயி. இந்தக் கச்சான் விழுகணும்னுதான் நாங்க வேண்டிக்கிட்டு இருந்தோம். ஒரு மாசமாக் கடல் அசங்கவே இல்ல. பாரெல்லாம் வெளுத்துப்போச்சு. இனி கடல் குளுந்துரும்."

பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. முத்துப்பார், சங்குப்பார் என்று அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கடல் சூடானால் பார் வெளுக்கும், காற்று விழுந்தால் சூடு இறங்கும் என்பது ஆய்வுக் கட்டுரைகளில் வருவதற்கு முன்பே இவருக்குத் தெரிந்திருக்கிறது. காற்று அடித்தால் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலக்கின்றன, ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, ஓட்டம் பிடிக்கிறது. தேங்கி நின்றால் மேலே இருக்கும் ஒரு ஆள் உயரத் தண்ணீர் அப்படியே வெந்துகொண்டிருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் ஓட்டம் எப்போதும் நல்லதுதானா? கேட்டேன். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது என்னத்தக் கொண்டுக்கிட்டு வருதுங்கிறதப் பொறுத்து. அஞ்சு வருசம் முந்தி பூங்கோரை வந்துச்சு பாரு. கடல் பச்சப்பசேர்னு, நாத்தம் தாங்கல. ஓரா மீனெல்லாம் செத்து ஒதுங்குச்சு."

அவர் சொன்னது 2019 செப்டம்பர். பூங்கோரை என்று இவர்கள் சொல்வது நாக்டிலூக்கா என்ற மிகச் சிறிய ஒருசெல் உயிரி. கடலில் சத்து கூடி மற்ற நுண்ணுயிர்கள் பெருகும்போது, அவற்றைத் தின்று இது கோடிக்கணக்கில் பெருகும். செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் இழுத்துவிடும். மண்டபம் பக்கத் தீவில் அப்போது ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய், வேகமாக வளரும் கிளைப் பவளங்கள் மூச்சுத் திணறிச் செத்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2 என்ற அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. எங்கள் பக்கம் சாக்கடை கலந்த குளத்துத் தண்ணீரில்தான் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன்.

தென்கடலில் இன்று வெப்பமானி 30.1.

மே 25, சனி – தனுஷ்கோடி

படகு இன்றும் இல்லை. சரி, தனுஷ்கோடிக்குப் போவோம் என்று கிளம்பினோம்.

மணல் முகத்தில் ஊசி மாதிரி குத்தியது. கண்ணாடி போடாமல் போனது தப்பு. நுங்கு விற்ற அம்மாவின் குடை பறந்து, நாங்கள் இருவரும் ஓடிப் பிடித்துக் கொடுத்தோம். மூன்று நுங்கு 20 ரூபாய், எங்களுக்கு நான்கு கொடுத்தார். பொரித்த மீன் ஒரு துண்டு 80 ரூபாய். நல்ல காரம், ஆனால் வாய்க்குள் போனதில் கால்வாசி மணல்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் இது. இடிந்த தேவாலயத்துச் சுவர் மட்டும் நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் என் கையைப் பிடித்துச் சுவரின் பக்கம் கொண்டுபோய், "கிட்டப் பாருங்க" என்றாள்.

அது செங்கல் இல்லை. முருகைக்கல். பவளம்! சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் முழுக்கக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு மிளகு அளவு இருக்கும். குழிக்குள் நடுவை நோக்கிச் சின்னச் சின்னத் தகடுகள், சக்கரத்து ஆரம் போல. விரல் நுனியால் தடவினால் நாக்கைப் போலச் சுரசுரப்பு. ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் குடியிருந்த வீடு. ஒரு கல்லில் ஆயிரக்கணக்கில் வீடு. அப்படி எத்தனை கல் அந்தச் சுவரில்.

பவளக்கல்லைக் கடலில் இருந்து வெட்டி எடுத்து வீடு கட்டியதும், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியதும் இந்தக் கரையில் நெடுங்காலம் நடந்திருக்கிறது. 2001-இல் பவளத்தை வனஉயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வெட்டுவது அநேகமாக நின்றே போனது. அந்த இரண்டு தீவுகள் மறைந்ததற்கும் காரணம் பவளக்கல் வெட்டியதுதான். அரணாக நின்ற பாறை போனதும் அலை மண்ணைக் கரைத்துவிட்டது.

திரும்பும்போது அவள் தாய்லாந்துக் கதை ஒன்று சொன்னாள். அந்தமான் கடலின் கிழக்கு ஓரத்தில் சிமிலன் தீவுகள். அங்கே கடலுக்கு மேலே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே மாடி உயரத்துக்கு அலைகள் வருமாம். ஆழத்துக் குளிர்ந்த தண்ணீரை, அதிலுள்ள சத்தோடு சேர்த்து, தீவுகளின் மேற்குப் பக்கத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். அந்தப் பக்கத்துப் பவளங்கள் சாதாரண நாளில் கிழக்குப் பக்கத்துப் பவளங்கள் அளவுக்குப் பெரிய பாறையாகக் கட்டி வளர்வதில்லை. குளிரும் கலங்கலும் அவற்றை வளரவிடாது. 2010-இல் கடல் கொதித்தபோதோ, மேற்குப் பக்கம் குறைவாக வெளுத்தது. கிழக்கே செழித்துக் கிடந்தவைதான் அதிகம் அடிவாங்கின.

"கஷ்டத்துல வளந்தது தாங்கிருச்சா?" என்றேன்.

"அது மட்டும் இல்ல அத்தை. சூடு உச்சத்துல இருக்கறப்போ நடுநடுவுல அதுக்கு ஒரு குளிர்ச்சி கெடச்சுது. சாப்பாடும் கெடச்சுது."

அந்தச் சாப்பாட்டு விஷயத்தை நாளைக்கு நேரிலேயே காட்டுகிறேன் என்றாள்.

மே 26, ஞாயிறு – பிறப்பன்வலசை, வடகடல்

தென்கடல் கொந்தளிக்கிறது. ரீமால் புயல் இன்று இரவு வங்காளக் கரையைக் கடக்கிறதாம். ஆனால் தென்மேற்குக் காற்றுக்கு நிலம் மறைப்பதால் வடகடல் ஓரம் அமைதி. ஒரு வழிகாட்டித் தம்பியோடு இறங்கினோம். எனக்கு நீச்சல் அரைகுறை. மிதவைச் சட்டை, முகமூடி, வாயில் குழாய். முதல் பத்து நிமிடம் உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து இருமினேன். அந்தத் தம்பி, "அக்கா, அவசரமே இல்ல, மூச்ச மட்டும் பாருங்க" என்று என் கையை விடாமல் பிடித்திருந்தான்.

அப்புறம் குனிந்தேன்.

இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை. கீழே வெள்ளை. உருண்டை உருண்டையாக, மேலே சுண்ணாம்பு அடித்த மாதிரி. நடுவில் சில இளநீலம், சில வெளிர் மஞ்சள். அழகாகத்தான் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு உருண்டைக்கு முகத்தை ஒரு முழம் தூரத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெள்ளைக் கல்லின் மேல் கண்ணாடி போல ஒரு தோல். அதற்குள் நூல் நுனி அளவு விரல்கள் சுருங்கியும் விரிந்தும் அசைந்தன. உயிர் இருக்கிறது! வெளுத்ததும் செத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பட்டினி கிடக்கிறது.

கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்து அவள் விளக்கினாள். பவளத்தின் உடம்புக்குள் ஒருசெல் பாசி குடியிருக்கும். வெயிலை வைத்துச் சர்க்கரை சமைத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அதில் இருந்துதான், நிறமும் அதனுடையதுதான். தண்ணீர் சூடானால் அந்தச் சமையல் கெட்டு, நஞ்சான ஆக்சிஜன் சேரும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்புறம் சில வாரம்தான் தவணை. அதற்குள் சூடு இறங்கினால் பாசி திரும்பி வரும்.

இந்தத் தவணையில்தான் ஓட்டமும் சத்தும் கணக்குக்கு வருகின்றன. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த நஞ்சைக் கழுவிக்கொண்டு போகும். நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து வாயருகே விடும். பாசி போன பிறகும் அவற்றைப் பிடித்துத் தின்று சில பவளங்கள் பிழைத்துக்கொள்ளும். சத்து என்றால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது.

"இது வேற சத்து. அங்க பாருங்க" என்று அவள் கை காட்டிய இடத்தில், ஊருக்குள் இருந்து ஒரு கழிவுநீர் வாய்க்கால் மணலில் கறுப்பாக வந்து கடலில் இறங்கியது. அதன் வாயில் பாறை முழுக்கப் பச்சை நூல்பாசி.

நைட்ரேட்! என் 22 வருட வேலையில் நான் அதிகம் எழுதிய சொல் அதுதான். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை போகலாம் என்று சான்றிதழ் எழுதுவேன். பவளம் பழகிய கடலில் அது நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. 2013-இல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். நைட்ரஜன் மட்டும் கூடி, அதற்கு ஏற்ற பாஸ்பரஸ் இல்லாமல் போனால், உள்ளே இருக்கும் பாசி கண்டபடி பெருகிச் சத்துக் குறைந்து நோஞ்சான் ஆகிவிடும். அப்படி ஆன பவளம் கொஞ்சம் சூட்டுக்கே வெளுத்துவிடும். யூரியாவும் சாக்கடையும் கொண்டுவருவது பெரும்பாலும் இந்தக் கோணலான கணக்கைத்தான். மீனும் பறவையும் நுண்ணுயிரும் கொடுக்கும் சத்து அளவோடு, சரியான கலவையில் வரும். அது உணவு.

கடலைச் சூடாக்குவதை இந்த ஊர்க்காரர்கள் தடுக்க முடியாது. அந்த வாய்க்காலைத் தடுக்க முடியும். ஒரு வடிகட்டித் தொட்டி, கொஞ்சம் நாணல், மாதம் ஒருமுறை ஒரு பாட்டில் தண்ணீர் பரிசோதனை. நானே செய்து கொடுப்பேன், காசு வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு நான் உண்மையாகத்தான் சொல்கிறேன் என்று புரிந்ததும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

கிளைப் பவளங்கள் இருந்த ஒரு திட்டில் ஏற்கெனவே உச்சிகளில் பழுப்புப் படலம் படிந்திருந்தது. அவை போய்விட்டன. 2016-லும் முதலில் போனவை இவைதான். அந்த ஒரே கோடையில் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்தில் இருந்து 23-க்கு இறங்கியதாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அளந்திருக்கிறார்கள். மீள்வதற்குள் இந்தக் கோடை வந்துவிட்டது.

இங்கே கழுத்தளவுத் தண்ணீரில் 31.6. வியாழனைவிடக் குறைவு. ஆனால் அது வேறு இடம், இது வேறு இடம், ஒப்பிடக் கூடாது.

மே 27, திங்கள் – கீழக்கரை வழியாக ஊருக்கு

முதுகு தோல் உரிந்து எரிகிறது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினேன். மெஸ் அம்மா வழிக்குக் கணவாய் தொக்கு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். காசு எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. "புள்ளைய நாங்க பாத்துக்குறோம்" என்றார். அவள் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறாளாம்.

கீழக்கரையில் இறங்கித் தொதல் வாங்கினேன். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் பச்சரிசி மாவும் சேர்த்துக் கிண்டியது, கையில் பிடித்தால் ரப்பர் போல வளையும், வாயில் கரையும். கடைக்காரர் மூன்று வகை ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு, "ஈரோடு வரைக்கும் வெயில்ல போகணும்ல, இத எடுங்க, கெடாது" என்று விலை குறைந்ததையே எடுத்துக் கொடுத்தார்.

பேருந்து ஜன்னலில் காற்று ஓயவே இல்லை. பனை ஓலைகள் எல்லாம் வடகிழக்குப் பக்கம் தலை சாய்த்து நின்றன. அடிக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு – ஈரோடு

இதை எழுதி முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். காலையில் அவள் இரண்டு படம் அனுப்பினாள். நாங்கள் இறங்கிய அதே இடம், நேற்று எடுத்தது. கூடவே, "தண்ணி 29.2 அத்தை" என்று ஒரு வரி.

முதல் படம் கிளைப் பவளத் திட்டு. கிளைகள் அப்படியே நிற்கின்றன, மேலே பச்சை நூல்பாசி போர்த்தியிருக்கிறது. ஒரு மீன்கூட இல்லை.

இரண்டாவது, நான் முகம் வைத்துப் பார்த்த உருண்டை. பக்கத்தில் அவள் அடித்து வைத்த ஆணியும் எண் தகடும் இருப்பதால் அதே கல்தான் என்று தெரிகிறது. உச்சி இன்னும் வெள்ளை. வெயில் குறைவாகப் படும் ஓரத்தில், அடியில் இருந்து ஒரு சாண் உயரத்துக்கு, டீத் தண்ணீர் நிறம் ஏறியிருக்கிறது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் கோடு நேராக இல்லை, புள்ளி புள்ளியாக மேலே ஏறுகிறது.

வாய்க்கால் தண்ணீர் பாட்டில் செவ்வாய்க்கிழமை பார்சலில் வருகிறது.